மலேரியாவும் எச்.ஐ.வி.யும் சேர்ந்தால்?



“ரெண்டு நாள் காய்ச்சல்தானே, மாத்திரை போட்டா சரியாயிடும்” என்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பலர் சொல்வதுண்டு. அது மலேரியாவாக இருந்து, உடம்பில் எச்.ஐ.வி.யும் இருந்தால் என்ன ஆகும்?

நம் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் ஊர்க்காவலர் போன்றவை. அவற்றுள் சி.டி.4 என்னும் அணு மற்றவற்றுக்குக் கட்டளையிடும் தலைவன். எச்.ஐ.வி. குடிபுகுவது இந்த அணுவில்தான். அணு ஓய்ந்திருந்தால் கிருமி பெருகுவது குறைவு. அணு விழித்து வேலையில் இறங்கினால் கிருமியும் மளமளவென்று பெருகும்.

மலேரியா இந்தக் காவலர்களைத் தட்டி எழுப்புகிறது. 1998-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதனைக்கூடத்தில் மனித இரத்த அணுக்களுடன் மலேரியாக் கிருமியின் பொருளைச் சேர்த்துப் பார்த்தார்கள், எச்.ஐ.வி. அதிகமாகப் பெருகியது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் நடந்து 2005-இல் வெளியான ஆய்விலும், மலேரியாவின்போது நோயாளிகளின் இரத்தத்தில் எச்.ஐ.வி. ஏறியது, மலேரியா தீர்ந்தபின் இறங்கியது. இவை ஃபால்சிபாரம் மலேரியா பற்றியவை. நம் பக்கம் வைவாக்ஸ் வகையே அதிகம். எவ்வகையானாலும் உடனே சிகிச்சை தேவை.

“அப்போ கொசு கடிச்சா எச்.ஐ.வி. வருமா?” வராது. இவ்விரண்டில் கொசு பரப்புவது மலேரியாவை மட்டுமே.

செய்ய வேண்டியவை:

1. காய்ச்சல் கண்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

2. வைவாக்ஸ் மலேரியாவுக்குப் பிரைமாகுவின் மாத்திரை 14 நாள். “காய்ச்சல் விட்டுடுச்சே” என்று பாதியில் நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு இம்மாத்திரை கூடாது. கர்ப்பத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

3. கர்ப்பமான மனைவிக்கு மட்டும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்தால் போதாது. கணவரும் நம்பிக்கை மையத்துக்கு உடன் வரவேண்டும். முடிவு இரகசியமாக வைக்கப்படும்.

4. எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மருந்து சாப்பிடுபவர், காய்ச்சலுக்குப் பார்க்கும் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். ஏ.ஆர்.டி. மருந்தை நிறுத்தாதீர்கள்.

5. கிணற்றையும் மாடித் தண்ணீர்த் தொட்டியையும் கொசு புகாமல் மூடுங்கள். நம் பக்கத்து மலேரியாக் கொசு முட்டையிடுவது இந்த நல்ல தண்ணீரில்தான்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில், 1986-இல். அன்று மருந்து இல்லை. 2004 முதல் அரசு மையங்களில் ஏ.ஆர்.டி. இலவசம். தாய் தவறாமல் சாப்பிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறையும். தெரிந்துகொண்டால்தானே மருந்து? இருவரும் சேர்ந்தே வாருங்கள்.