டிவி வாங்கும் முன் ஒரு கணக்கு

2006-ல் அரசு கொடுக்கத் தொடங்கிய இலவசக் கலர் டிவி 14 இன்ச். இப்போ கடையில, "32 இன்ச்சா, 55 இன்ச்சா?"னு கேட்கிறாங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

சின்னது 40 வாட், பெரியது 120 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் 5 மணி நேரம் ஓடினால், 30 நாளில் சின்னதுக்கு 6 யூனிட், பெரியதுக்கு 18 யூனிட் கரண்ட் ஆகும். வாங்குமுன் வாட், ஸ்டார் முத்திரை இரண்டையும் பாருங்கள்.

கேபிளில் வரும் சாதாரணப் படம் பெரிய டிவியில் கூடுதல் தெளிவாகிவிடாது. பழுதானால் விளாத்திகுளத்துக்கே ஆள் வருமா, கோவில்பட்டிக்குத் தூக்கிட்டுப் போகணுமா என்றும் கேளுங்கள்.

100-க்கு 1 ரூபாய் வட்டியில் 30,000 கடன் வாங்கினால், முதல் மாத வட்டியே 300 ரூபாய். ஆட்டுக்கடன் குட்டி போடும்; டிவிக்கடன் வட்டிதான் போடும். அதனால் டிவியைச் சேமிப்பில் வாங்குவோம், கடனைத் தொழிலுக்கு வைப்போம்.