மூக்குக்கண்ணாடி வாங்கப் போகிறீர்களா?

உங்கள் வகுப்பில் மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் எத்தனை பேர்? அணியாதவர்களை எண்ணுவது ஒருவேளை எளிதாக இருக்கும். சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறாம் வகுப்பை எட்டும்போது பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது. கண்ணாடிக் கடைக்குச் செல்வது நம்மில் பலருக்குப் புதிய அனுபவம் அன்று.

கடையில் நாம் அதிக நேரம் செலவிடுவது ‘ஃபிரேம்’ எனப்படும் சட்டகத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். கறுப்பா நீலமா, வட்டமா சதுரமா என்று அரைமணி நேரம் பார்ப்போம். அதன் பிறகு கடைக்காரர் வில்லைகளின் விலைப்பட்டியலை நீட்டுவார். “மெல்லிய வில்லை போடலாமா? நீல ஒளித் தடுப்பு வேண்டுமா? வெயிலில் நிறம் மாறும் வில்லை எப்படி?” என்று கேள்விகள் வரும். அப்பா நம்மைப் பார்ப்பார். நாம் அப்பாவைப் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் சட்டகத்தைவிட வில்லையின் விலை கூடிவிடும். எனவே, எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் பரிசோதனைச் சீட்டைப் பாருங்கள். அதில் −3.00 என்று எழுதியிருந்தால் கடையில் அதை ‘300 டிகிரி’ என்பார்கள். கழித்தல் குறி கிட்டப்பார்வையையும் கூட்டல் குறி தூரப்பார்வையையும் காட்டும். அதற்கு அடுத்துச் சிலருக்கு இன்னோர் எண் இருக்கும். விழியின் முன்பக்க வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லாதபோது ஏற்படும் மங்கலைச் சரிசெய்வது அந்த எண். எந்த வில்லையை வாங்குவது என்பதை முடிவுசெய்ய இந்தச் சீட்டே அடிப்படை. நண்பர் என்ன வில்லை போட்டிருக்கிறார் என்பது நமக்கு உதவாது.

‘கண்ணாடி’ என்று நாம் சொன்னாலும், இன்றைய வில்லைகளில் பெரும்பாலானவை கண்ணாடியால் ஆனவை அல்ல. அவை ஒருவகை பிளாஸ்டிக். அவற்றுள் மிகவும் பழையது சி.ஆர்-39. 1940ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட இந்தப் பொருள், இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு விமானங்களின் எரிபொருள் தொட்டிகளுக்குப் பயன்பட்டது. போர் முடிந்த பிறகே அது மூக்குக்கண்ணாடிக்கு வந்தது. அதன் எடை கண்ணாடியின் எடையில் ஏறத்தாழப் பாதி. இன்றும் கடைகளில் கிடைக்கும் சாதாரண வில்லை பெரும்பாலும் இதுவே.

விலைப்பட்டியலில் 1.50, 1.60, 1.67, 1.74 என்று எண்கள் ஏறிக்கொண்டே போகும். இவை ஒளிவிலகல் எண்கள். எண் கூடக் கூட, அந்தப் பொருள் ஒளியை அதிகமாக வளைக்கும். ஆகவே, குறைந்த தடிமனிலேயே அதே பார்வைத்திறனைத் தரும். கிட்டப்பார்வைக்கான வில்லை நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருக்கும். ஓரத்தில் எவ்வளவு தடிக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

50 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்ட வில்லை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பார்வைக் குறை 150 டிகிரி என்றால், 1.50 வில்லையின் ஓரம் நடுப்பகுதியைவிடச் சுமார் 0.95 மில்லிமீட்டர் தடித்திருக்கும். 1.67 வில்லையில் அது 0.7 மில்லிமீட்டர். வேறுபாடு வெறும் கால் மில்லிமீட்டர். அதாவது, உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இரண்டு மூன்று தாள்களின் தடிமன்! இதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. ஆனால், 600 டிகிரி உள்ளவருக்கு 1.50 வில்லையில் சுமார் 3.75 மில்லிமீட்டரும் 1.67 வில்லையில் 2.8 மில்லிமீட்டரும் வரும். ஒரு மில்லிமீட்டர் மெலிவு மூக்கின் மேல் உணரக்கூடியது.

இங்கே கடையில் யாரும் அவ்வளவாகச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அதே 600 டிகிரிக்காரர் 50 மில்லிமீட்டர் சட்டகத்தை விட்டு 44 மில்லிமீட்டர் சட்டகத்தைத் தேர்ந்தெடுத்தால், சாதாரண 1.50 வில்லையிலேயே ஓரத் தடிமன் 2.9 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். விலை உயர்ந்த வில்லை செய்யும் வேலையைச் சிறிய சட்டகம் செய்துவிடுகிறது. கண்மணி சட்டகத்தின் நடுவில் அமைவதும் இதற்கு முக்கியம். ஆகவே, பார்வைக் குறை அதிகம் உள்ளவர்கள் அகன்ற சட்டகங்களை அழகுக்காக வாங்கும் முன் யோசிக்க வேண்டும்.

அடுத்துப் பூச்சுகள். என் கருத்தில், முதலில் பணம் கொடுக்கத் தகுந்தது எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு. சாதாரண வில்லையின் ஒவ்வொரு பக்கமும் தன்மீது படும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. 1.67 வில்லையில் இது 6 விழுக்காட்டைத் தாண்டும். வகுப்பறை விளக்குகள் வில்லையில் மின்னுவதற்கும், இரவில் எதிரே வரும் வாகன விளக்குகள் இரட்டையாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். விலை கொடுத்து மெல்லிய வில்லையை வாங்குபவருக்கு இந்தப் பூச்சு இன்னும் தேவை என்பது இதிலிருந்து புரியும்.

இப்பூச்சின் அடிப்படையை 1935ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸாண்டர் ஸ்மக்குலா உருவாக்கினார். ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு தடிமனே உள்ள மென்படலம் அது. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையும் அடியில் பட்டுத் திரும்பும் அலையும் மோதி ஒன்றையொன்று அழித்துவிடும். இன்றைய வில்லைகளில் பல படலங்கள் இருக்கும். வில்லையைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும் மங்கிய பச்சை நிறம், அழியாமல் எஞ்சிய ஒளிதான்.

பிளாஸ்டிக் எளிதில் கீறும் என்பதால் கீறல் தடுப்புப் பூச்சும் வேண்டும். அது பெரும்பாலும் வில்லையோடு சேர்ந்தே வரும். தனியாகப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். ஆவி படியாத பூச்சும் உண்டு. உணவங்காடியில் சூடான சூப்பின் முன் உட்கார்ந்திருக்கும்போது, கண்ணாடியைக் கழற்றி வைப்பது அதைவிட மலிவான வழி.

நீல ஒளித் தடுப்பு வில்லைகளைப் பற்றி விளம்பரங்கள் பல. 2023ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இதைப் பற்றிய 17 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. கணினி முன் வேலை செய்வோரின் கண்சோர்வைக் குறுகிய காலத்தில் இவ்வகை வில்லைகள் சாதாரண வில்லைகளைவிட அதிகம் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது, கண் உலர்கிறது. அதற்கு மருந்து இடையிடையே தலையை நிமிர்த்தித் தொலைவில் பார்ப்பது. இதற்கு ஒரு வெள்ளியும் செலவில்லை.

வெயிலில் கறுக்கும் வில்லைகள் புற ஊதாக் கதிர்களால் இயங்குபவை. காரின் முன்கண்ணாடி அக்கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், காருக்குள் அவை நன்றாகக் கறுப்பதில்லை. வெப்பம் கூடினாலும் கறுக்கும் அளவு குறையும். குளிர்நாட்டில் கறுப்பதைப்போல் நம் நண்பகல் வெயிலில் கறுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. திடலிலிருந்து வகுப்புக்குள் நுழைந்த பிறகு தெளிவடையவும் சில நிமிடங்கள் பிடிக்கும்.

இணைப்பாட நடவடிக்கையாகப் பூப்பந்தோ கூடைப்பந்தோ விளையாடுபவர்கள் வேறு வழியில் சிந்திக்க வேண்டும். பூப்பந்தின் தலைப்பகுதி கண்குழிக்குள் நுழையும் அளவுக்குச் சிறியது. சாதாரண வில்லை உடைந்தால் அதன் துண்டுகளே கண்ணுக்கு ஆபத்தாகும். பாலிகார்பனேட் என்னும் வில்லை மோதலை நன்கு தாங்கும். புற ஊதாக் கதிர்களையும் தடுக்கும். ஓரங்களில் பார்வை சற்றுத் தெளிவு குறைந்திருக்கலாம். ஆனாலும், விளையாட்டுக்கென்று செய்யப்பட்ட சட்டகத்தில் அதைப் பொருத்திக்கொள்வதே சரி. இதில் மட்டும் செலவைப் பார்க்கக் கூடாது.

ஆண்டுதோறும் பார்வைக் குறை கூடிக்கொண்டே போகிறதா? அந்த வேகத்தைக் குறைக்க வடிவமைக்கப்பட்ட தனி வில்லைகள் இப்போது உள்ளன. அவை பூச்சுகள் அல்ல. உங்களுக்கு ஏற்றவையா என்று கண் மருத்துவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

புதிய கண்ணாடி கைக்கு வந்ததும் சில நாள் தரை சற்று வளைந்ததுபோல் தோன்றலாம். ஒரு வாரத்துக்குப் பிறகும் தலைவலி இருந்தால் கடைக்குத் திரும்பிச் செல்லுங்கள். கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். வில்லையின் மையம் தவறினால் எவ்வளவு விலை உயர்ந்த வில்லையும் கண்ணுக்குச் சுமைதான். உலர்ந்த சட்டை நுனியால் துடைக்காமல், தண்ணீரில் கழுவித் துணியால் ஒற்றுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் அதை விட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் விரியும் அளவுக்குப் பூச்சு விரியாது. மெல்லிய வெடிப்புகள் விழும். அதன் பின் வில்லையை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.