திரும்பாத வால்வு

எங்கள் வீட்டுக்கு நேர்ந்த சேதத்துக்குக் காரணம் சமையலறைச் சுவரில் விழுந்த துளைதான் என்று உறவினர் அனைவரும் இன்றளவும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீரை மேலேயே நிறுத்த முடிந்திருந்தால் அந்தத் துளையை ஒரு கந்தல் துணியால் ஐந்து நிமிஷத்தில் அடக்கியிருக்கலாம் என்பதையும், மொட்டைமாடியில் தொட்டிக்கு அடியில் இருந்த முப்பது வருஷத்துப் பித்தளை வால்வே எங்களைக் கைவிட்டது என்பதையும் நிலைநாட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

1994ஆம் வருஷத்தில், எங்கள் ஊரான நெருப்பெரிச்சல் இன்னும் தனி ஊராட்சியாக இருந்த காலத்தில், அதாவது 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைவதற்கு வெகு முந்தி, என் தகப்பனார் எங்கள் கிணற்று உப்புத்தண்ணீரையே ஊற்றிக் குழைத்துக் கட்டிய வீடு இது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குச் சேர்க்கும் நீரில் ஓர் அளவுக்கு மேல் குளோரைடு இருக்கலாகாது என்று ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி சொல்வதெல்லாம் அந்நாளில் இந்தப் பக்கத்தில் எந்தக் கொத்தனாருக்கும் தெரியாது; தெரிந்திருந்தாலும் வேறு தண்ணீருக்கு எங்கே போவது? பனியன் கம்பெனிகளுக்குச் செக்கிங், அயர்னிங், பேக்கிங் வேலைகளை எடுத்துச் செய்யும் சிறு யூனிட் ஒன்றில் முப்பது வருஷம் பாடுபட்டுச் சேர்த்த பணத்தோடு வங்கிக் கடனும் சேர்த்து, மகளுக்கு வரன் அமையும் சமயத்தில், பதினொரு லட்ச ரூபாய் செலவில் இவ்வீட்டைப் புதுப்பித்தேன். தளம் மாற்றியது, ஒயரிங் இழுத்தது, பட்டி பார்த்து வர்ணம் பூசியது முதலியவற்றை விவரிக்கப் போவதில்லை. அவை எல்லோர் வீட்டிலும் ஒரே விதமாகத்தான் நடக்கின்றன.

வால்வின் விஷயத்துக்கு வருகிறேன். பழைய இரும்புக் குழாய்கள் அனைத்தையும் பிடுங்கிவிட்டு சி.பி.வி.சி. குழாய்களைச் சுவருக்குள் புதைத்தோம். மேல்தொட்டியும் புதியது, இரண்டாயிரம் லிட்டர் கொள்வது. அத்தனையும் மாறியபோது, தொட்டியிலிருந்து வீட்டுக்குள் தண்ணீர் இறங்கும் வாயிலில் இருந்த கேட் வால்வு ஒன்று மட்டும் பழையபடியே நின்றது. அதை மாற்ற வேண்டாமா என்று நான் கேட்டேன். கேட்டதற்கு என் மனைவி சாட்சி. ஒப்பந்தக்காரர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது பழைய காலத்துப் பித்தளைங்க. இன்னும் முப்பது வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க. இப்ப வர்றதையெல்லாம் நம்ப முடியாதுங்கண்ணா" என்றார். பழைய பொருள்களின் மீது எனக்கும் ஒரு மரியாதை உண்டாகையால், அந்த வார்த்தை என் மனசுக்கு இசைவாக இருந்தது. தட்டிப் பார்த்தாரே தவிர அவர் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. நானும் திருப்பிப் பார்க்கவில்லை. வேலை நடந்த இரண்டு மாதமும் தொட்டி காலியாகவே கிடந்தபடியால், வால்வை மூடவேண்டிய அவசியம் ஒருவருக்கும் ஏற்படவில்லை. புது வால்வு ஒன்றின் விலை அன்று அறுநூறு ரூபாய்.

கேட் வால்வு என்பதற்குள் ஒரு தகடு இருக்கிறது; தலைச் சக்கரத்தைத் திருகத் திருக, மரை வெட்டிய ஒரு தண்டின் வழியே அந்தத் தகடு இறங்கி வழியை அடைக்கிறது. அது வருஷக்கணக்காகத் திறந்தபடியே கிடந்தால், உப்பும் சுண்ணாம்பும் மரையிடுக்குகளில் படிந்து படிந்து, தண்டையும் உடலையும் ஒரே கல்லாக்கிவிடும். எங்கள் பக்கத்தில் பவானித் தண்ணீர் தினந்தோறும் வருவதில்லை. வராத நாள்களில் போர்த்தண்ணீரைத்தான் அதே தொட்டிக்கு ஏற்றுகிறோம். அந்தத் தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைத் திருப்பூரில் பார்க்காத பெண்கள் இல்லை. பாத்திரத்தின் அடியில் படிவது வால்வுக்குள்ளும் படியுமே என்ற யோசனை எனக்கு வராமற்போனதுதான் இந்த விவகாரத்திலேயே பெருநஷ்டத்தை விளைவித்த பிசகு.

புரட்டாசி மாதத்து ஒரு வியாழக்கிழமை, குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷினை மாட்டுவதற்கு ஒரு பையன் வந்தான். அன்று விடியற்காலையில்தான் பைப்பில் தண்ணீர் வந்து, சம்ப்பும் மேல்தொட்டியும் தளும்ப நிரம்பியிருந்தன. "பைப்பு எந்தப் பக்கமா போகுதுங்க சார்?" என்று அவன் முறையாகக் கேட்டான், நான் வலது பக்கத்தைக் காட்டினேன். குழாயோ சிங்க் குழாய்க்கு நேர் மேலாக இறங்கியிருந்தது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: குழாய்களைப் புதைக்கிறவர்கள் பெரும்பாலும் அவற்றைக் குழாய் வாய்க்கு நேர் மேலேயோ நேர் பக்கவாட்டிலேயோதான் ஓட்டுகிறார்கள், ஆர்.ஓ. மெஷினை மாட்டுவதற்குச் சௌகரியமான இடமும் சிங்குக்கு நேர் மேலேதான் அமைகிறது. ஆகவே, பல வீடுகளில் துளையிடும் இடமும் குழாய் இறங்கும் இடமும் ஒன்றாகவே வாய்க்கின்றன. சுவரைப் பூசி மூடுவதற்கு முன் ஒரு நாள், அளவுடேப்பைச் சுவரில் பிடித்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எத்தனை அடியில் குழாய் போகிறது என்பது தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் நான் ஊகித்துக் கை காட்டியிருக்க வேண்டியதில்லை.

டிரில்லரை அவன் வெளியே இழுத்ததும் தண்ணீர் பீறிட்டது. நான் படியேறி மாடிக்கு ஓடினேன். வால்வின் சக்கரம் அசையவில்லை. பைப் ரெஞ்சைக் கொண்டுவரச் சொல்லிப் பலங்கொண்ட மட்டும் திருப்பினேன். திருகியது வால்வல்ல, தண்டு. அது முறிந்து, சக்கரத்தோடு என் கைக்கு வந்துவிட்டது. கீழே புது வீட்டுக்குள் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, இரண்டாயிரம் லிட்டர் தொட்டியின் பக்கத்தில் முறிந்த பித்தளைச் சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நிமிஷத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

என் மனைவி செய்த காரியங்கள் இரண்டு. முதலில் மெயின் சுவிட்சை அணைத்தாள். பிறகு குளியலறை, புறக்கடை உள்பட வீட்டிலிருந்த குழாய்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டாள். அதனால் தண்ணீரில் ஒரு பெரும்பகுதி சாக்கடைக்குப் போயிற்று, துளையின் வேகமும் தணிந்தது. மூன்றாவது காரியத்தைச் செய்தவர், ஒடிசாவிலிருந்து வந்து பக்கத்து லைன் வீட்டில் குடியிருக்கும் ஒரு தையல்காரத் தம்பி. எங்கள் கூச்சலைக் கேட்டு ஓடிவந்தவர், பாஷைக்குக் காத்திராமல், ஒட்டடைக் கம்பின் நுனியில் பனியன் துணியைத் தேங்காய்ப் பருமனுக்கு இறுகச் சுற்றிக் கட்டி, தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே அடியில் தண்ணீர் வெளியேறும் துவாரத்தின் மேல் வைத்து அழுத்தினார். தண்ணீரின் இழுப்பே அந்தத் துணியை வாயோடு சேர்த்து அடைத்துக்கொண்டது. இந்த உபாயம் வேறு யாருக்கும் தோன்றவில்லை. துணி உள்ளே உறிஞ்சப்பட்டுப் போய்விடாதபடி முடிச்சு பெரியதாகவும் கம்போடு கட்டியதாகவும் இருக்கவேண்டும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முக்கால் மணி நேரம் கழிந்திருந்தது. கூடத்தில் பாதம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

நீரை உறிஞ்சுவதற்கு பனியன் வெட்டுத் துண்டுகளான கட்டிங் வேஸ்ட் மூட்டைகளைக் கொண்டுவந்து கொட்டினோம். பருத்திப் பனியன் துணியைப் போலத் தண்ணீர் குடிக்கும் பொருள் வேறில்லை. இந்த ஊரில் அதற்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் அவசரத்தில் ஒரு மூட்டை மெரூன் சாயத் துணியும் கலந்துவிட்டது. அதன் சாயம் இறங்கி, புதிய டைல்ஸின் இடுக்குகளில் ஊறிய சிவப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. வெள்ளைத் துணியை மட்டுமே உபயோகியுங்கள்.

சேதத்தைக் கணக்கிட்டபோது, என்னை முன்பு குறைகூறியவர்களுக்கெல்லாம் பதில் கிடைத்தது. சமையலறை அலமாரிகளுக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் ஒட்டு விடாத தரத்துப் பிளைவுட்தான் வேண்டும் என்றும், அவற்றைத் தரையில் உட்காரவைக்காமல் நான்கு அங்குலக் கால்களின்மேல் நிறுத்தவேண்டும் என்றும் நான் பிடிவாதம் பிடித்தபோது, "இவ்வளவு செலவு எதற்கு, கடலிலா வீடு கட்டுகிறீர்கள்?" என்று என் மைத்துனர் பலபேர் முன்னிலையில் கேட்டார். அந்த அலமாரிகளில் ஒரு கதவுகூடக் கோணவில்லை. அவருடைய சிபாரிசின்பேரில் கடையில் ஆயத்தமாக வாங்கிக் கூடத்தில் வைத்த டி.வி. அலமாரியோ மரத்தூள் பலகையால் ஆனது. இரண்டே நாளில் ஊறி உப்பி உதிர்ந்துபோயிற்று. நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்.

குழாயைச் சரிசெய்தது அரைநாள் வேலை. உடைத்தெடுத்த இரண்டு டைல்ஸுக்கு அதே பேட்ச் எண்ணில் மாற்று கிடைக்கவில்லை. ஒரு பெட்டி மிச்சம் வைத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த நிறம் மறுபடி அமையாது.

சுவர்தான் பொறுமையைச் சோதித்தது. ஐப்பசியில் நிச்சயதார்த்தம் வைத்திருந்தோம். பெயின்டரும் உறவினரும் உடனே பட்டி அடித்து வர்ணம் பூசிவிடலாம் என்று நிர்ப்பந்தித்தார்கள். நான் இசையவில்லை. ஓதம் ஏறிய செங்கற்சுவரை மூடினால் உள்ளிருக்கும் ஈரம் வர்ணத்தைத் தள்ளிக்கொண்டு வெளிவரும். உப்புத்தண்ணீரில் எழும்பிய சுவராகையால் உப்பும் கூடவே பூக்கும். ஓர் அடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, மறுநாள் காலையில் தாளின் உட்புறத்தில் நீர்த்துளி காண்கிறதா என்று பார்த்தேன். ஐப்பசி முழுவதும் கண்டது, கார்த்திகையிலும் கண்டது. தை மாதத்தில்தான் தாள் உலர்ந்து கிடந்தது. அதுவரை பூத்த உப்பை ஈரத்துணியால் துடைக்காமல் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து வந்தேன். நனைத்தால் அது கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும். கறை படிந்த சுவரின் முன்னிலையிலேயே நிச்சயதார்த்தம் நடந்தது. சம்பந்தி வீட்டார் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொன்னவர்களெல்லாம் எங்களவர்களே. தையில் பூசிய வர்ணம் இன்றுவரை ஒரு பொடியும் உதிராமல் நிற்கிறது.

செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு நியாயமான விடை எனக்குக் கிடைக்கவில்லை. மெஷின் விற்றவர்கள், நீங்கள்தானே இடம் காட்டினீர்கள் என்றார்கள். அது உண்மையாகையால் நான் பேசவில்லை. ஒப்பந்தக்காரர், வால்வு எங்கள் வேலையில் சேராது என்றார். வெள்ளைத்தாளில் தொகையை மட்டும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் வால்வு சேர்ந்ததா, சேராததா என்பதற்கு அத்தாட்சி ஏது? வீடு கட்டும் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்பதற்குள் 1993ஆம் வருஷத்துத் திருத்தத்திலேயே சேர்க்கப்பட்டு, 2019ஆம் வருஷச் சட்டத்திலும் நீடிக்கிறது. வழக்குக் காரணம் எழுந்த இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். நான் முறையிடவில்லை. அவர் எனக்குப் பங்காளி முறை; அவருடைய தகப்பனாரும் என் தகப்பனாரும் ஒரே ஏற்றத்தில் நீரிறைத்தவர்கள். ஆனால் அவரிடம் வேலை கொடுக்கப்போகிறேன் என்று யார் வந்து கேட்டாலும், வால்வு வரைக்கும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லாமல் நான் அனுப்புவதில்லை.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதென்று நான் தைரியமாக இருந்தேன். கடன் வாங்கியபோது வங்கியில் கட்டிய பிரீமியம் வீட்டுக்கானது அல்ல, கடனாளியான என் உயிருக்கானது என்பது பத்திரத்தை எடுத்துப் படித்த பிறகுதான் விளங்கிற்று. வீட்டுக்கென்று 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுப் பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நெருப்பு, புயல், வெள்ளம் முதலியவற்றோடு தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடிப்பதாலோ வழிவதாலோ நேரும் சேதமும் அதன் வரம்புக்குள் வருகிறது. வீட்டுச் சாமான்களுக்கும், கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, 10 லட்சத்துக்கு மேற்படாமல், தானாகவே பாதுகாப்பு உண்டு. துளையிட்டதால் உடைந்த குழாயை அவர்கள் எப்படிக் கருதுவார்கள் என்பதைப் பாலிசி எடுக்கும்போதே எழுத்துமூலம் கேட்டு வைத்துக்கொள்வது உத்தமம்.

இப்பொழுது தொட்டியின் அடியில், கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினாலே மூடிக்கொள்ளும் பால் வால்வுகள் மூன்று இருக்கின்றன: சமையலறைக்கு ஒன்று, குளியலறைகளுக்கு ஒன்று, புறக்கடைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இருபுறம் யூனியன் வைத்திருப்பதால், பழுதானதைக் குழாயை அறுக்காமலே கழற்றலாம். மாடிப்படி ஏற முடியாத நாளும் எனக்கு வருமென்பதால், சமையலறைக்குள் நுழையும் இடத்தில் கைக்கெட்டும் உயரத்தில் நான்காவது ஒன்றையும் வைத்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை நான்கையும் மூடித் திறக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் தொட்டிக்கு அடியில் ஒரு வால்வு இருக்கும். இன்று பொழுது சாய்வதற்குள் மாடிக்குப் போய் அதை ஒருதரம் மூடிப் பாருங்கள். மூடிக்கொள்ளவில்லையானால் பலவந்தம் செய்யாதீர்கள். தொட்டியைக் காலி செய்துவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள்.