மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்

நாம் நாள்தோறும் மரத்திலிருந்து எடுக்கும் ரப்பர், ஆயிரக்கணக்கான சிறு மூலக்கூறுகள் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலிகளால் ஆனது. தூய ரப்பர் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. பிளாஸ்டிக்கும் அத்தகையதே என்று நெடுங்காலம் கருதப்பட்டது.

1977ஆம் ஆண்டில் ஷிராகாவா, மெக்டயார்மிட், ஹீகர் ஆகியோர், பாலிஅசெட்டிலீன் என்னும் மெல்லிய படலத்தின்மீது அயோடின் ஆவியைச் செலுத்தினர். அதன் கடத்துதிறன் பல இலட்சம் மடங்கு உயர்ந்தது. 2000ஆம் ஆண்டில் மூவரும் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

இதற்குக் காரணம் யாது? அப்படலத்தின் சங்கிலிகளில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி அமைந்துள்ளன. அயோடின் சில எலெக்ட்ரான்களைக் கவர்ந்துகொள்வதால், எஞ்சியவை நகர இடம் உண்டாகின்றது. ரப்பரில் இரட்டைப் பிணைப்புகள் தள்ளித் தள்ளி நிற்பதால் அவ்வழி இல்லை.

ஆயினும், ஒரு சங்கிலி முடியுமிடத்தில் மின்னூட்டம் அடுத்த சங்கிலிக்குத் தாவ வேண்டும். சங்கிலிகள் சிக்கிக் கிடந்தால் தாவுதல் கடினம். படலத்தை இழுத்து நீட்டினால் அவை வரிசைப்படுகின்றன. அத்திசையில் மின்சாரம் எளிதாகப் பாய்கின்றது. படலமும் உலோக முனையும் சேருமிடமும் செம்மையாக அமைதல் வேண்டும். சாலை நன்றாயிருந்தும் பாலம் பழுதானால் லாரி நின்றுவிடுமன்றோ?

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. ரப்பரில் கரித்தூளை மிகுதியாகக் கலந்தால், ஒன்றையொன்று தொடும் கரித்துகள்களின் வழியே மின்சாரம் செல்லக்கூடும். ஆகவே, கறுப்பு ரப்பர்க் காலணி அணிந்துள்ளோம் என்னும் துணிவில், அறுந்து விழுந்த மின்கம்பியை ஒருபோதும் அணுகாதீர்கள்.