அன்னையர் மீது விழுந்த பழியும் ஆட்டிச ஆய்வும்

குழந்தை பேசவில்லை, கண்ணோடு கண் நோக்கவில்லை, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பவில்லை. இதற்குக் காரணம் யாது என்னும் வினா எழுந்தவுடன் ஊரும் உறவும் முதலில் சுட்டுவது தாயைத்தான். அறியாமையால் எழும் பேச்சு என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆனால், கற்றறிந்த மருத்துவ உலகமே நெடுங்காலம் இப்பழியைப் பேசி வந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தியாகும். அப்பழி எழுந்த வகையையும் வீழ்ந்த வகையையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

'ஆட்டிசம்' என்பது 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. தமிழில் 'மதியிறுக்கம்' என வழங்குகின்றனர். மதியே இறுகிவிட்டது போன்ற எண்ணத்தை இச்சொல் தருவதால், மூலப்பொருளைக் காக்கும் வேறொரு சொல்லைத் தமிழறிஞர் ஆக்கித் தருதல் நலம். அதுவரை மக்கள் வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லையே இங்கு ஆளுகின்றேன்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய குழந்தை உளமருத்துவர் லியோ கானர், 1943ஆம் ஆண்டு 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். பிறருடன் உணர்வால் ஒன்றும் ஆற்றல் இக்குழந்தைகளிடம் பிறவியிலேயே குறைந்துள்ளது என்பது அவர் கண்ட முடிபு. அதே கட்டுரையில், இவர்தம் பெற்றோருள் உள்ளக் கனிவுடையோர் மிகச் சிலரே என்றும் எழுதினார். முன்னதை உலகம் மறந்தது, பின்னதைப் பற்றிக்கொண்டது. 1949இல் கானரே அக்குடும்பச் சூழலைக் குளிர்பதனப் பெட்டியோடு ஒப்பிட்டு எழுத, 'குளிர்பதனப் பெட்டி அன்னையர்' என்னும் கொடுஞ்சொல் பரவலாயிற்று.

இக்கருத்தை உச்சிக்குக் கொண்டு சென்றவர் சிகாகோவின் புருனோ பெட்டல்ஹைம். நாஜிகளின் வதைமுகாமில் அடைபட்டு மீண்டவர் அவர். முகாம் கைதிகள் உள்ளொடுங்கியதைப் போன்றே இக்குழந்தைகளும் ஒடுங்குகின்றனர் என 1967இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அவ்வாறாயின் முகாமின் காவலர் யார்? பெற்றோரே என்னும் விடை அவ்வொப்புமையிலேயே அடங்கியிருந்தது. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்ப்பதே மருத்துவம் எனவும் கருதப்பட்டது. ஏற்கெனவே நொந்திருந்த தாய்க்கு இதனினும் பெரிய தண்டனை உண்டோ?

மறுப்பு பெற்றோரிடமிருந்தே எழுந்தது. ஆட்டிசமுடைய மகனின் தந்தையும் உளவியலறிஞருமான பெர்னார்டு ரிம்லண்ட், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி, இது உடற்கூற்றுக் காரணமுடையது என 1964இல் ஒரு நூல் எழுதினார். 1965இல் பெற்றோர் சங்கம் ஒன்றையும் தோற்றுவித்தார். 1969இல் அச்சங்கக் கூட்டத்தில் கானரே எழுந்து, பெற்றோர்மீது குற்றமில்லை என அறிவித்தார்.

ஆயினும், உறுதியான சான்றாக அமைந்தது சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 1977இல் வெளியிட்ட இரட்டையர் ஆய்வே எனலாம். ஒரே கருவிலிருந்து பிறந்த 11 இணைகளுள் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இரு கருக்களிலிருந்து பிறந்த 10 இணைகளுள் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. இரு வகையினரையும் வளர்ப்பது ஒரு தாய், ஒரு வீடுதானே! வளர்ப்பே காரணமாயின் இவ்வேறுபாடு தோன்ற வழியில்லை. எண்ணிக்கை சிறிதே, ஆயினும், மரபணுக்களின் பங்கு பெரிது என்பதைப் பின்னர் நிகழ்ந்த பேராய்வுகளும் நிறுவின.

நோய்க்காரணம் பெற்றோர் அல்லர் எனில், உதவி செய்வதில் அவர்க்கு இடமில்லையா? இங்கிலாந்தில் 152 குழந்தைகளிடம் நடைபெற்ற ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. தாயோ தந்தையோ குழந்தையுடன் விளையாடுவதை ஒளிப்பதிவு செய்து, அதனை அவர்க்கே காட்டுவர். குழந்தை ஒரு நொடி நோக்கியது, விரலை அசைத்தது, ஓர் ஒலி எழுப்பியது. விரைவில் கண்ணுக்குத் தப்பிய அந்நொடிகளைப் படத்தில் கண்ட பெற்றோர், அவற்றிற்கு ஏற்ப மறுமொழி தரப் பழகினர். பெற்றோரின் அணுகுமுறை பெரிதும் மாறியது; ஆட்டிசக் கூறுகளோ அப்போது தெளிவாகக் குறையவில்லை. பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்து அதே குழந்தைகளை ஆராய்ந்தபோது, பயிற்சி பெற்ற பிரிவில் அக்கூறுகள் தணிந்திருந்தமை 2016இல் தெரியவந்தது. எனினும், குழந்தைகளின் மனப்பதற்றத்தில் மாற்றம் காணப்படவில்லை. அதற்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்பதே இதன் பொருள்.

நம் நாட்டுக்கு நெருங்கிய செய்தி மற்றொன்று. இம்முறையை எளிமைப்படுத்தி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் ஆய்ந்தனர். பயிற்சியளித்தவர் வல்லுநர் அல்லர், சாதாரண நலப்பணியாளரே. பெற்றோரின் மறுமொழி செம்மையுற்றது. குழந்தைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வதும் மிகுந்தது. ஆனால், இருவரும் ஒரே பொருளில் கவனம் செலுத்தும் நேரம் குறைந்தது என்பதையும் ஆய்வாளர் மறையாது பதிவு செய்துள்ளனர். அது ஏன் குறைந்தது என்பது இன்னும் ஆராயத்தக்கது. உளவியல் பயிலும் நம் மாணவர் எவரேனும் அவ்வினாவைக் கையிலெடுக்கலாம்.