எழுத்தும் பேசும்: பார்க்கக் கற்போம், பயன்படுத்திக் கொள்வோம்



இந்த மாதப் பாடம் எழுத்தைப் பற்றியது. அ, ஆ படிக்கிற பாடம் இல்லை. கடைப் பலகை, துணிப்பை, தீப்பெட்டி, மசாலா பாக்கெட், சுவர் விளம்பரம் இதிலெல்லாம் எழுத்தை எப்படி வரைகிறார்கள்? ஏன் அப்படி வரைகிறார்கள்? நம் குழுத் தயாரிப்புக்கு அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்? இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

"இதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரமாச்சே, நமக்கெதுக்கு?" என்று நினைக்க வேண்டாம். குழுவில் சேரும்போது கைநாட்டு வைத்து, பிறகு கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஒரே பெயர் உள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட்டாலும் வடிவம் ஒன்றாக இருக்காது. வங்கியில் அந்த வடிவத்தை வைத்துத்தானே "இது இன்னார்" என்று தெரிந்துகொள்கிறார்கள்? எழுத்தின் வடிவம் ஒரு ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்றால், ஒரு பொருளையும் காட்டிக்கொடுக்கும்.

நமக்கு ஏற்கனவே தெரிந்த கலை

பொங்கலுக்கு வாசலில் பானைக் கோலம் போட்டு, பொங்கும் நுரைக்கு மேலே எழுத்தை வளைத்து எழுதுகிறோம். பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருகிறார்கள். ஓம் என்ற எழுத்துக்குள் வேலையும் மயிலையும் சேர்த்து வரைந்த காலண்டரைப் பார்க்காதவர் யார்? இதெல்லாம் எழுத்துக்கலைதான். விளம்பரம் வரைகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

நம்ம சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் பாதி சிவன், பாதி திருமால். ஒரே உருவத்தில் இரண்டு. நல்ல விளம்பர எழுத்தும் அப்படித்தான். படித்தால் எழுத்து, பார்த்தால் படம். ஐஸ் கடைப் பலகையில் எழுத்தின் தலையில் பனி உட்கார்ந்திருக்கும், கீழே சொட்டு வடியும். பட்டாசுப் பெட்டியில் எழுத்தே வெடித்துச் சிதறுவது போல இருக்கும். படிக்கத் தெரியாத பிள்ளைகூட அது என்ன கடை, என்ன பொருள் என்று சொல்லிவிடும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் பார்ப்போம். ஃபெடெக்ஸ் என்று ஒரு அமெரிக்க கூரியர் கம்பெனி. 1994-ல் அவர்கள் பெயரைப் புதிதாக வரைந்தபோது, இரண்டு ஆங்கில எழுத்துக்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம் ஒரு அம்புக்குறியாகத் தெரியும்படி அமைத்தார்கள். தபால் வேகமாகப் போகும் என்று அந்த அம்பு சொல்கிறது. சிக்குக் கோலத்தில் கோடு மட்டும் அழகில்லை, கோட்டுக்கு நடுவே உள்ள இடமும் சேர்ந்துதான் அழகு. அதே கதைதான் இது.

எழுத்துக்கும் குணம் உண்டு

தூரத்தில் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறது. படிக்கும் முன்பே "ஐயோ, யாரோ தவறிட்டாங்க போல" என்கிறோம். எப்படித் தெரிந்தது? கறுப்புப் பட்டை, கனத்த எழுத்து, நடுவில் படம். கல்யாணப் பத்திரிகை வளைவும் நெளிவுமாக இருக்கும். நகைக்கடை எழுத்து மெலிந்து, பொன் நிறத்தில் மின்னும். கட்சிக்காரர் சுவரில் எழுதும் எழுத்து பஸ்ஸில் போகிறவருக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிசு.

ஆக, எழுத்து என்ன சொல்கிறது என்பதற்கு முன்பே, எப்படிச் சொல்கிறது என்பது நம் மனசுக்குப் போய்விடுகிறது. கண்ணீர் அஞ்சலி எழுத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்தால் யாராவது ஏற்றுக்கொள்வார்களா? அதே போல, பிள்ளைகளுக்கான சத்துமாவு பாக்கெட்டில் கறுத்துத் தடித்த எழுத்துப் போட்டால் பூச்சிமருந்து பாக்கெட் மாதிரி ஆகிவிடும்.

நம் எழுத்து கடந்து வந்த வழி

தமிழ் எழுத்து ஏன் இவ்வளவு வளைவாக இருக்கிறது? பனை ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும். அதனால் வளைத்து எழுதிப் பழகினார்கள் என்று சொல்வார்கள்.

பிறகு அச்சு வந்தது. 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு நூல் தமிழ் எழுத்தில் அச்சானது. 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துக்கள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. ஆனால் அவை பெரிய எழுத்துக்கள். ஒரு பக்கத்தில் கொஞ்சம்தான் அடங்கியது, காகிதமோ தட்டுப்பாடு. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்து எடுத்தார்கள். எழுத்தின் அளவு அழகு பார்த்து மட்டும் முடிவாவதில்லை, செலவும் அதில் இருக்கிறது என்பதை அன்றே கண்டார்கள்.

அடுத்தது 1978. பெரியார் 1935-லேயே தம் 'குடி அரசு' இதழில் எழுத்தை மாற்றி அச்சடிக்கத் தொடங்கியிருந்தார். அவருடைய நூற்றாண்டையொட்டி 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு அந்த எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. அதுவரை லை, ணை, னை, ளை எல்லாம் யானைத் தும்பிக்கை தூக்கியது போல எழுதப்பட்டன. பெரியவர்களைக் கேளுங்கள், அவர்கள் கையெழுத்தில் இன்னும் அந்தத் தும்பிக்கை இருக்கும். 'சேலை', 'விலை', 'கடலை' என்று பழைய பலகை எங்காவது இருந்தால் நின்று பாருங்கள். "நாங்க பரம்பரைக் கடை" என்று காட்ட நினைப்பவர்கள் இன்றும் அந்தப் பழைய 'லை'யை வேண்டுமென்றே வரைகிறார்கள். ஒரே ஒரு எழுத்து, ஆனால் ஐம்பது வருசக் கதையைச் சொல்லிவிடும்.

நம் பக்கத்து சிவகாசியை மறக்க முடியுமா? 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும் அங்கே வளர்ந்தது. இரண்டு விரல் அகல லேபிளில் ஒரு படம், ஒரு பெயர், நாலு நிறம். படிக்கத் தெரியாதவரும் "கப்பல் தீப்பெட்டி குடுங்க" என்று கேட்டு வாங்கினார். சின்ன இடத்தில் ஒரே ஒரு சேதியைச் சொல்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

துணிப்பையும் அப்படித்தான். ஜவுளிக்கடை மஞ்சள் பையில் கடைப் பெயர் ஒரே நிறத்தில் பெரிதாக அச்சாகியிருக்கும். பை கிழியும்வரை அது ஊர் ஊராகப் போகிற விளம்பரம். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. பை தைக்கும் குழுக்கள் தங்கள் பெயரையும் ஒரு ஓரத்தில் அழகாகப் போட்டுக்கொள்ளலாமே!

நம் பாக்கெட்டுக்கு என்ன செய்யலாம்?

மதி அங்காடியிலோ பூமாலை வளாகத்திலோ கண்காட்சியிலோ நம் ஊறுகாய் நாலு ஊறுகாய்க்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. வாங்க வருகிறவருக்கு நம்மைத் தெரியாது. நம் கைப்பக்குவம் பாட்டிலுக்கு உள்ளே இருக்கிறது, அவர் கண் வெளியேதான் இருக்கிறது. எழுத்து கூப்பிடாவிட்டால் கை நீளாது. கை நீளாவிட்டால் எண்ணெயும் உப்பும் காரமும் போட்டு நாம் உழைத்தது அலமாரியிலேயே நிற்கும், வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். அதனால் இவற்றைக் கவனியுங்கள்.

1. பொருளின் பெயர் முதலில் கண்ணில் படவேண்டும். குழுவின் பெயர், கூட்டமைப்பின் பெயர், முகவரி எல்லாம் அதற்கு அடுத்துதான். எல்லாமே பெரிதாக இருந்தால் எதுவுமே பெரிதில்லை.

2. ஒரு பாக்கெட்டில் இரண்டு வகை எழுத்து போதும். ஐந்து வகை போட்டால் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவது போல இருக்கும்.

3. நிறம் எடுப்பாகத் தெரியட்டும். மஞ்சள்மேல் வெள்ளை எழுத்து கண்ணுக்கே தெரியாது. மஞ்சள்மேல் அடர்சிவப்போ கறுப்போ நன்றாகத் தெரியும்.

4. அழகுக்காக எழுத்தைக் கெடுக்காதீர்கள். 'பொடி'க்கும் 'போடி'க்கும் கொம்பின் சுழி ஒன்றுதான் வித்தியாசம். வளைத்து வரைகிறேன் என்று சுழியை மாற்றிவிட்டால் 'சாம்பார் பொடி' 'சாம்பார் போடி' ஆகிவிடும்! புள்ளியும் அப்படித்தான். சின்னதாக இருந்தாலும் விட்டுவிடக் கூடாது. கொம்பு, எழுத்து, கால் மூன்றும் தள்ளித் தள்ளி நிற்காமல் சேர்ந்து நிற்க வேண்டும்.

5. சட்டம் கேட்பதை மறைக்கக் கூடாது. உணவுப் பாக்கெட்டில் சேர்மானம், எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், விலை, முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், சைவத்துக்கு உரிய பச்சை வட்டக்குறி இவை கட்டாயம். இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கவேண்டும், கூடவே தமிழிலும் போடலாம். எடை, விலை எழுத்துக்கு இவ்வளவு உயரம் என்று சட்டமே அளவு வைத்திருக்கிறது. பூ வேலைப்பாட்டுக்குள் இவற்றை ஒளிக்காதீர்கள்.

6. பெரிய கம்பெனியின் எழுத்தைக் காப்பி அடிக்காதீர்கள். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி வழக்கு வரலாம். வழக்கு வராவிட்டாலும் நம் பொருளை யாரும் நம் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள்.

7. கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் நல்ல தமிழ் எழுத்துருக்கள் உண்டு. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவனார்' கையால் எழுதியது போலச் சாய்ந்து இருக்கும். 'பாலூ தம்பி' உருண்டு திரண்டு இருக்கும், தின்பண்டத்துக்குப் பொருந்தும். அச்சகத்தில் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

8. இன்னொரு வழியும் இருக்கு. ஃப்ளெக்ஸ் பேனர் வந்தபிறகு பலகை எழுதும் ஓவியர்கள் பலருக்கு வேலை குறைந்துபோனது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், பொருளின் பெயரை ஒருமுறை அவர் கையால் எழுதி வாங்குங்கள். கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். அதைப் படம் பிடித்து எல்லா லேபிளிலும் அச்சடிக்கலாம். வேறு யாரிடமும் இல்லாத எழுத்து நமக்குக் கிடைக்கும்.

9. அச்சடிக்கும் முன் ஒரே ஒரு தாள் அடித்து வாங்கி, குழுவில் எல்லோரும் பாருங்கள். பிழை இருந்தால் அப்போதே திருத்துங்கள். ஆயிரம் லேபிள் அடித்தபிறகு கண்டுபிடித்தால் பணம் நம்முடையது.

கூட்டத்தில் செய்து பார்க்க

ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு காலிப் பாக்கெட், ஒரு தீப்பெட்டி, ஒரு துணிப்பை கொண்டு வாருங்கள். தரையில் பரப்பி வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள். கண்ணாடி போடும் வயசான அக்காவையும் படிக்கச் சொல்லுங்கள். பிறகு இந்தக் கேள்விகளைப் பேசுங்கள்.

• முதலில் கண்ணில் பட்டது எது? ஏன்?
• எழுத்தைப் படிக்காமலே உள்ளே என்ன பொருள் என்று எதில் தெரிந்தது?
• அழகாக இருந்தும் படிக்க முடியாமல் போனது எது?
• நம் குழுவின் பாக்கெட்டை நடுவில் வைத்தால் தனியாகத் தெரிகிறதா? எதை மாற்றலாம்?

பேசி முடிவு செய்ததைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை லேபிள் அடிக்கப் போகும்போது அந்த நோட்டையும் அச்சகத்துக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.