வீசாத தூண்டில்

மீன் பிடித்தல் பரதவர்க்கு வாழ்வளிக்கும் தொழில். வேறு சிலர்க்கோ அஃது உள்ளத்திற்கு உவகை தரும் விளையாட்டு. நண்பர் இருவர் மூவர் விடியற்காலையில் தூண்டிற்கோலுடன் புறப்பட்டு, ஆளரவமற்ற நீர்க்கரையை அடைந்து, பேச்சடக்கிக் காத்திருப்பதில் தனியின்பம் உண்டு. கூடை நிறையாவிடினும் நெஞ்சம் நிறைந்து அவர்கள் வீடு திரும்புவர்.

இவ்விளையாட்டினுள் நுட்பம் மிக்கது ஈத்தூண்டில். தூண்டில் முள்ளின்மேல் இறகையும் நூலையும் சுற்றி, ஈயைப் போன்ற பொய்யிரை ஒன்று செய்வர். எடையற்ற அவ்விரையைக் கனமான கயிற்றின் வீச்சினால் ஓடும் நீர்மேல் மெல்ல இறக்குவர். மெய்யான ஈ என எண்ணி மீன் அதனைக் கவ்வும். இவ்வாறு பிடிக்கப்படுவனவற்றுள் பெயர் பெற்றது, குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரவுட் மீன். அதனை நீலகிரியில் வளர்க்கப் பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் 1863-ஆம் ஆண்டில் முயன்றார்; அம்முயற்சி கைகூடவில்லை. பின்னர் எச். சி. வில்சன் என்பார் 1907-ஆம் ஆண்டளவில் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வெற்றி கண்டார்.

மலையின் மீன் சமவெளியில் வாழாது. ஆயினும் சமவெளியின் ஏரிகளுக்கும் உரிய மீன் உண்டு. சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களைச் சூழ ஏரிகள் பல உள்ளன. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி மாநகர்க்குக் குடிநீர் வழங்குகின்றது. இத்தகைய நீர்நிலைகளில் தூண்டிலிடுவோர் பெரிதும் விரும்புவது விரால். அது காற்றையும் உட்கொண்டு உயிர்வாழ்வது. அதற்காக அடிக்கடி நீர்மட்டத்திற்கு வரும். அப்பொழுது எழும் குமிழியைக் குறிப்பாகக் கொண்டு, தவளை வடிவான பொய்யிரையை வீசுவர்.

சில வேளைகளில் செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலெழுந்து தாழ்வதைக் காணலாம். அவற்றின் கீழே பெற்ற விரால் காவல் நிற்கும். அவ்வழியே தவளை சென்றால் சீறிப் பாயும். பசியால் அன்று, குஞ்சுகளைக் காக்கும் பொருட்டு. டிரவுட் பசியால் ஏமாறுகின்றது. விராலோ அன்பினால் ஏமாறுகின்றது. அவ்வேளையில் அதனைப் பிடிப்பது எளிது. ஆனால் காவல் இழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகிவிடும். ஒரு மீனைக் கொண்டவன் ஒரு குடியையே அழித்தவன் ஆவான்.

ஆதலின், இளையவன் ஆவலுடன் கோலை ஓங்கும்போது, ஏரியை அறிந்த மூத்த நண்பன் அவன் கையைப் பற்றி, “குஞ்சு காக்கும் விரால், தம்பி, விட்டுவிடு” என்பான். இருவரும் கரையில் அமர்ந்து, அச்செந்நிறத் திரள் அல்லியிலைகளுக்கிடையே நகர்ந்து மறையும்வரை நோக்கி மகிழ்வர். அடுத்த ஆண்டும் அவ்வேரியில் விரால் துள்ளும். நண்பர்க்கும் அங்கே வேலை இருக்கும். பிடிக்கத் தெரிதல் திறமை. விடத் தெரிதல் அறம். இரண்டும் கூடியவழியே விளையாட்டு இன்பமாகின்றது.